அத்தை, அந்தக் காத்தாடி ஏன் சுத்தல?

மே மாத லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் சென்னையிலிருந்து பணகுடிக்கு வந்திருந்தார்கள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. ஒருநாள் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். காவல்கிணறு தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். எங்கள் பக்கம் அவற்றைக் காற்றாலை என்று சொல்பவர்கள் குறைவு, காத்தாடிதான். பையன் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். முப்பதைத் தாண்டியவன் சட்டென்று திரும்பி, "அத்தை, அதுல பாதி சுத்தவே இல்லையே, ரிப்பேரா?" என்றான்.

"காற்று ஒரு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலம்" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் இவன். ஆனால் சும்மா நிற்கிற காத்தாடியைப் பற்றி அவன் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. "ரிப்பேர் இல்லடா, காத்து பத்தல" என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். அது பாதி பதில்தான். மீதியைச் சொல்லி முடிக்கப் பத்து நாள் ஆனது.

அந்தப் பத்து நாளில் மொட்டை மாடியிலும் கிணற்றடியிலும் மீட்டர் பெட்டிக்கு முன்னாலும் நாங்கள் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்கு எங்கே தொடங்கிச் சொல்வது என்று யோசிக்கிற அப்பா அம்மாவுக்கும், என்னைப் போல லீவுக்கு மட்டும் டீச்சராகிற அத்தை மாமாவுக்கும் உதவும். இயற்பியல் படித்திருக்க வேண்டாம். ஒரு வாளி, எடை பார்க்கும் மிஷின், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான்.

உண்டியலும் பத்து ரூபாயும்

முதல் சிக்கல் அந்தப் பெயரே. "புதுப்பிக்கத்தக்க ஆற்றல்" என்றதும் பையன் கேட்டது, "யாரு புதுப்பிப்பாங்க?" நியாயமான கேள்வி. யாரும் புதுப்பிப்பதில்லை. அதனால் நான் அந்தச் சொல்லையே ஓரமாக வைத்துவிட்டு, "தீர்ந்துபோறது, தீராதது" என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்.

ஆச்சி இவர்களுக்கு லீவு நாட்களில் ஆளுக்குத் தினம் பத்து ரூபாய் கொடுப்பார். செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் மறுநாள் காலையில் இன்னொரு பத்து ரூபாய் வரும். பன்னிரண்டு கேட்டால் வராது. வெயிலும் காற்றும் அந்த மாதிரி. சாமி அறையில் திருச்செந்தூருக்கு என்று பல வருஷமாகச் சேர்த்துவைத்த ஓர் உண்டியல் இருக்கிறது. அதை உடைத்தால் ஒரே நாளில் ஊரையே கலக்கலாம். ஆனால் ஒருமுறைதான். நிலக்கரி, பெட்ரோல், சமையல் கேஸ் எல்லாம் உண்டியல்.

நெய்வேலியில் மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அங்கே வளர்ந்து புதைந்த காடு. அந்த மரங்கள் வெயிலைக் குடித்துத்தான் வளர்ந்தன. அதனால் நிலக்கரியும் வெயில்தான், பழைய வெயில். இதைச் சொன்னதும் சின்னவள் கண் விரிந்தது. 1957-ல் தோண்டத் தொடங்கி, 1962-லிருந்து அங்கே கரண்டு எடுக்கிறார்கள். கோடி வருஷம் சேர்ந்ததை நாம் செலவழிக்கிற வேகத்தில் எந்தக் காடும் புதைந்து கரியாகாது.

இங்கே ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிட வேண்டும். "தீராதது" என்பது பொருளை மட்டும் பொறுத்தது இல்லை, எடுக்கிற வேகத்தையும் பொறுத்தது. எங்கள் கிணற்றில் ஊறுகிற அளவுக்கு இறைத்தால் அது தீராத கிணறு. பம்பு செட்டை மறந்து ஓடவிட்டால் மதியத்துக்குள் தரை தெரியும். விறகும் அப்படித்தான். வெட்டிய வேகத்தில் வளர்ந்தால் தீராது.

கூடங்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்பதால் அதைப் பற்றியும் கேள்வி வந்தது. 2013-ல் முதல் உலையிலிருந்து கரண்டு வரத் தொடங்கியது. அங்கே கரி எரிவதில்லை, புகை இல்லை. ஆனால் யுரேனியம் பூமியிலிருந்து தோண்டுவது. எனவே அதுவும் உண்டியல்தான். "புகை விடாதது", "தீராதது" இரண்டும் வேறு வேறு விஷயம். பெரியவர்களே இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பையன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான்.

ஒரு யூனிட்டைத் தூக்கிப் பார்ப்பது

"கரண்டை மிச்சம் பண்ணு" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறோம். கரண்டு எவ்வளவு கனம் என்று காட்டியதே இல்லை. சுவிட்சைத் தட்டினால் வருகிற ஒன்றை எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை.

பத்து லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, கீழிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். பையன் பாதிப் படியில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, கால் வாளியைப் படியிலேயே சிந்தி, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தான். "சக்தியை ஜூல்னு ஒரு அளவால அளப்பாங்க. இப்ப நீ தண்ணிக்குக் கொடுத்த சக்தி சுமார் 300 ஜூல். ஒரு யூனிட் கரண்டுன்னா 36 லட்சம் ஜூல். எத்தனை வாளி தூக்கணும், கணக்குப் போடு" என்றேன். தரையில் உட்கார்ந்து போட்டான். பன்னிரண்டாயிரம். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இன்னொரு தடவை போட்டான். அதே பன்னிரண்டாயிரம்.

பன்னிரண்டாயிரம் வாளித் தண்ணீரை ஒரு மாடிக்கு ஏற்றுகிற வேலையை, சில ரூபாய்க்கு ஒரு கம்பி வழியாகக் கொண்டுவந்து தருகிறார்கள். இந்த ஒரு கணக்கு மண்டையில் ஏறினால் போதும், அதற்குப் பிறகு "ஃபேனை அணை" என்று கத்த வேண்டியிருக்காது. கொஞ்ச நாளைக்காவது.

அடுத்து மீட்டர் பெட்டி. இப்போதைய டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மீட்டர் முகப்பில் ஓர் எண் அச்சடித்திருப்பார்கள். எங்கள் வீட்டு மீட்டரில் 3200. அந்த விளக்கு அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் ஓடியது என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மட்டும் போட்டோம். இரண்டு பேரும் மீட்டரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நிமிஷம். சின்னவளுக்குப் போரடித்துவிட்டது. பல்பை அணைத்துவிட்டுப் பழைய சீலிங் ஃபேனைப் போட்டோம். பதினைந்து நொடிக்கு ஒரு மினுக்கல். அடுத்து அயர்ன் பாக்ஸ். டிக், டிக், டிக் என்று நொடிக்கு ஒன்றாக அடித்தது. "அத்தை, அதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று சின்னவள் ஓடிவந்தாள்.

வீட்டில் கரண்டைத் தின்பது வெளிச்சம் இல்லை, சூடும் குளிரும்தான். 2000 வாட் கீசர் பத்து நிமிஷம் ஓடினால், அந்தக் கரண்டில் 9 வாட் பல்பு ஒன்றரை நாள் எரியும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போகிற சக்தியில் ஆயிரம் வாளியை மாடிக்கு ஏற்றலாம். ஆனால் பள்ளிக்கூடங்களில் சுற்றுச்சூழல் என்றதும் எப்போதும் பல்பைத்தான் அணைக்கச் சொல்கிறார்கள். குண்டு பல்பு காலத்துப் பாடம் அது. ஏ.சி.யும் கீசரும் அந்தப் பாடத்தில் வருவதே இல்லை.

அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. ஒடிசாப் பக்கம் தோண்டி, பாரதீப் துறைமுகத்தில் ஏற்றி, கப்பலில் வந்து இறங்குகிற கரி. நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பலாகத்தான் மிஞ்சும். கரியமில வாயு ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. "700 கிராம் எரிச்சா எப்படி ஒரு கிலோ வரும்?" என்று பையன் மடக்கினான். கரி எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு போகிறது, அந்த எடையும் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கேள்வி வந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை நன்றாகக் கவனிக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

எல்லாமே சுத்துவதுதான்

நான் படிக்கிற காலத்தில் சைக்கிளில் டைனமோ இருக்கும். அதைத் தட்டி டயரோடு ஒட்டவிட்டால் முன்விளக்கு எரியும், கூடவே மிதிப்பது கனமாகிவிடும். வெளிச்சம் சும்மா வரவில்லை, என் காலிலிருந்துதான் போகிறது என்று அந்தக் கனம் சொல்லிக் கொடுத்தது. இப்போது வருகிற சைக்கிள்களில் அது இல்லை. பழைய சாமான் கடையில் ஒன்று நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. கையால் சுற்றினால் சின்ன பல்பு மினுக்கென்று எரிந்தது. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று அசைந்தால் கம்பியில் கரண்டு ஓடும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்தது. அனல்மின் நிலையம், அணுமின் நிலையம், மேட்டூர் அணை, பஸ்ஸில் பார்த்த முப்பந்தல் காத்தாடி எல்லாவற்றிலும் நடப்பது இதேதான். எது அதைச் சுற்ற வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கரியும் யுரேனியமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியால் சுற்றுகின்றன. பைக்காராவில் மலையிலிருந்து விழுகிற தண்ணீர் 1932-லிருந்து சுற்றுகிறது. இங்கே காற்று சுற்றுகிறது.

சோலார் பேனல் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதில் எதுவும் சுற்றுவதில்லை. மணலிலிருந்து எடுக்கிற சிலிக்கான் தகட்டில் வெளிச்சம் பட்டதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் துள்ளிக் கிளம்பி ஒரே திசையில் ஓடுகின்றன. ஓட்டமே கரண்டு. ஒன்பது வயதுக்கு இவ்வளவு போதும்.

இனிமேல்தான் பஸ்ஸில் கேட்ட கேள்விக்குப் பதில். முதலில் ஆச்சியிடம் அனுப்பினேன். பனையோலையைக் கிழித்து, இரண்டு துண்டைக் குறுக்காக மடித்துப் பின்னி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, ஆளுக்கொரு ஓலைக் காத்தாடி செய்து கொடுத்தார். நின்றால் நிற்கும், தெருவில் ஓடினால் சுற்றும், இன்னும் வேகமாக ஓடினால் முள்ளே தெரியாத அளவுக்குச் சுற்றும். மாடியில் உயர்த்திப் பிடித்தால் ஓடாமலேயே சுற்றியது. கீழே முற்றத்தில் அசையவில்லை.

உயரம் ஒரு காரணம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. முப்பந்தலில் இருக்கிற பழைய காத்தாடிகள் குட்டையானவை, 250 கிலோவாட் மாதிரி. புதிதாக வந்தவை அதைவிடப் பலமடங்கு பெரியவை, 2000 கிலோவாட்டும் அதற்கு மேலும். தரையோரம் காற்று மரத்திலும் வீட்டிலும் முட்டித் தளர்ந்துபோகும், மேலே போகப்போக வலுக்கும். அதனால் நெட்டைக் காத்தாடி சுற்றும்போது பக்கத்திலேயே குட்டைக் காத்தாடி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

காற்று நொடிக்கு மூன்று மீட்டராவது வீச வேண்டும், அதாவது சைக்கிளை நிதானமாக மிதிக்கிற வேகம். அதற்குக் கீழே கரண்டு வராது. அதற்குமேல் நடப்பதுதான் வேடிக்கை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கரண்டு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்காகும். ஏனென்றால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு காற்று வந்து மோதுகிறது, மோதுகிற ஒவ்வொரு துளிக் காற்றிலும் நான்கு மடங்கு சக்தி. இரண்டையும் பெருக்கினால் எட்டு. அதனால்தான் காற்றாலை வைக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதல் காற்றுக்காகக் கணவாய் தேடி அலைகிறார்கள். ஆனால் அளவுக்கு மீறினாலும் ஆகாது. நொடிக்கு 25 மீட்டர் அளவுக்குப் போனால் காத்தாடி தானாகவே நின்றுவிடும், இல்லாவிட்டால் உடைந்துவிடும்.

கணவாய் என்பதைத் தோட்டத்துக் குழாயில் காட்டினேன். ஹோஸ் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்துப் பக்கமிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலையில் மூன்று இடத்தில் வாசல் இருக்கிறது. அந்த வாசல்களில் புகுந்து சீறி இந்தப் பக்கம் வருகிறது. மே கடைசியில் எட்டிப் பார்த்து, செப்டம்பர் வரை ஆளும். "ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்" என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சோதனையாகச் சில காத்தாடிகள் வைத்துத் தொடங்கியது, இன்று தமிழ்நாட்டில் மொத்தம் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வந்தது மே முதல் வாரம். காற்று இன்னும் கேரளத்துக்கே வந்து சேரவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாதது. சில சமயம் காற்று நன்றாக வீசும்போதே காத்தாடியை நிறுத்திவைப்பார்கள். ஊருக்கு அப்போது அவ்வளவு கரண்டு தேவைப்படாது, அல்லது கொண்டுபோகக் கம்பி தாங்காது. கரண்டை மூட்டைகட்டிக் குடோனில் வைக்க முடியாது, உண்டான நொடியே செலவாக வேண்டும். சரி, ராத்திரிக்கு என்ன செய்வது?

எங்கள் வீட்டு மாடித் தொட்டியைக் காட்டினேன். கரண்டு இருக்கும்போது மோட்டார் போட்டு மேலே ஏற்றிவைக்கிறோம், வேண்டும்போது திறந்துவிடுகிறோம். கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு மின் நிலையம் இருக்கிறது. 400 மெகாவாட், 1980-களின் கடைசியில் கட்டி முடித்தது. கரண்டு மிச்சமாக இருக்கும்போது கீழே ஆழியாறு மேலணையிலிருந்து தண்ணீரை மலைமேல் இருக்கும் அணைக்கு ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்குப் போடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டுக் கரண்டு எடுப்பார்கள். பையன் வாளி தூக்கினானே, அதேதான். ஏற்றும்போது செலவான அத்தனையும் திரும்பக் கிடைக்காது, கொஞ்சம் வழியில் போகும், அவன் படியில் சிந்திய மாதிரி. பேட்டரியும் செய்வது இந்த வேலையைத்தான், தண்ணீருக்குப் பதில் ரசாயனம்.

மொட்டை மாடிப் பாடம்

எங்கள் மாடியில் மூன்று கிலோவாட் பேனல் இருக்கிறது. சராசரியாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். பையன் தினமும் சாயங்காலம் இன்வெர்ட்டரைப் பார்த்து நோட்டில் குறித்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "போன மார்ச்ல இதைவிட அதிகமா வந்திருக்கே, இப்பதானே வெயில் ஜாஸ்தி?" என்றான். பழைய கணக்கையெல்லாம் புரட்டியிருக்கிறான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சூடு ஏற ஏறச் சிலிக்கான் சோர்ந்துபோகும். கத்திரி வெயிலில் பேனல் அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டான், நான் விடவில்லை. இன்னொன்றையும் அவனே பார்த்தான். பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அந்த மூலை அளவுக்கு மட்டும் குறையாது, மொத்தமாகவே சரிந்துவிடும். பேனலில் இருக்கிற கட்டங்கள் எல்லாம் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன, ஒன்று தளர்ந்தால் வரிசையே தளரும். காக்கா எச்சத்துக்கும் இதே கதைதான்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் இதையே 2,500 ஏக்கரில் செய்தார்கள், 648 மெகாவாட். அப்போது ஒரே இடத்தில் அமைந்த சோலார் நிலையங்களில் உலகிலேயே பெரியது அதுதான்.

ஆனால் பேனல் இல்லாத வீட்டில் இந்தப் பாடம் நடத்த முடியாது என்று நினைக்க வேண்டாம். கொடிக்கயிறு போதும். துணியைத் துவைத்துப் பிழிந்து, சொட்டுவது நின்ற பிறகு வாளியோடு எடை போட்டோம். 6.4 கிலோ. சாயங்காலம் காய்ந்து எடுத்து மறுபடி போட்டால் 4.1. இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் எங்கே போனது? ஆவியாகிப் போனது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சக்தி வேண்டும். அப்படியானால் அந்த ஒரு வாளித் துணியைக் காயவைக்க வெயிலும் காற்றும் ஒன்றரை யூனிட் வேலை பார்த்திருக்கின்றன. "பதினெட்டாயிரம் வாளி!" என்று பையன் கத்தினான். இப்போது அவனுக்கு எல்லாமே வாளிக் கணக்கு.

அன்று மாடியில் ஆச்சியின் கூழ் வத்தலும் மோர்மிளகாயும் காய்ந்துகொண்டிருந்தன. தூத்துக்குடி உப்பளம் முழுக்க இதே வேலைதான். கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டு வெயிலிடம் ஒப்படைத்தால் உப்பாகத் திருப்பித் தருகிறது. கருவாடு, வத்தல், உப்பு, நெல் காயப்போடுகிற களம் எதையும் எந்தப் புள்ளிவிவரத்திலும் சூரிய சக்தி என்று சேர்ப்பதில்லை. ஆச்சி அறுபது வருஷமாக சோலார் நிலையம் நடத்துகிறார் என்று சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை. வத்தலைத் திருட வந்த பையனை அன்று அடிக்கவில்லை.

ஒரு ஊரே சேர்ந்து செய்த கதையும் சொன்னேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்ற ஊராட்சி, கடன் வாங்கி 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வாங்கியது. ஊர்த் தெருவிளக்கு, குடிதண்ணீர் மோட்டார் எல்லாம் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. காத்தாடி என்றால் கம்பெனிக்காரர்கள் வைப்பது என்று நினைத்திருந்த பையனுக்கு இது புதுச் செய்தி. "நம்ம ஊர்ல ஏன் வைக்கல?" என்றான். அதை ஊராட்சித் தலைவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டதும் சொன்னதும்

ஒன்றை வேண்டுமென்றே தவிர்த்தேன். "பூமி அழியப்போகிறது, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னவள் ஏற்கெனவே எங்கேயோ கேட்டுவிட்டு, "நான் பெருசானா பூமி இருக்குமா?" என்று ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பருவநிலை மாறுகிறது என்பது உண்மை. அந்தக் கரியைத் தோண்டியதும் எரித்ததும் பெரியவர்கள். அதைச் சரிசெய்கிற வேலையும் பெரியவர்களுடையது, அதற்குத்தான் காத்தாடியும் பேனலும் வைக்கிறோம் என்று சொன்னேன். தூங்கிவிட்டாள்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்குப் பள்ளிகளில் நடக்கிறதைப் பற்றியும் புலம்பிக்கொள்கிறேன். போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் காற்றாலை மாடல் கொண்டுவரச் சொன்னார்கள். பேன்சி ஸ்டோரில் தெர்மோகோல் தீர்ந்துபோய்விட்டது. தெர்மோகோல் பெட்ரோலியத்தில் பிறந்தது, மக்காது. சுற்றாத நாற்பது காற்றாலைகள் இரண்டு நாள் வராண்டாவில் நின்று, மூன்றாம் நாள் குப்பையில் எரிந்தன. ஆளுக்கொரு பனையோலையும் முள்ளும் கொடுத்திருந்தால் சுற்றியிருக்கும்.

அதேபோல, காத்தாடிக்கும் பேனலுக்கும் வெள்ளையடித்துச் சொல்லவும் கூடாது. "குருவிக்கு அடிபடாதா?" என்றாள் சின்னவள். அடிபடும், பறவைகள் வருகிற பாதை பார்த்து வைக்க வேண்டும் என்றேன். இறக்கை கண்ணாடி இழையில் செய்தது, ஓய்ந்துபோனால் உருக்கி மறுபடி செய்வது கஷ்டம். பேனல் ஒரு இருபத்தைந்து வருஷம் உழைக்கும், அதற்கப்புறம் அதுவும் குப்பைதான், பிரித்தெடுக்க ஏற்பாடு வேண்டும். ஆனால் வைத்த பிறகு கரி மாதிரி தினமும் தீனி கேட்காது. இரண்டையும் சொன்னால் பிள்ளைகள் தாங்களே எடைபோட்டுக்கொள்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பதினைந்து வயதில் மறுபக்கத்தை எங்கேயாவது படித்துவிட்டு, நாம் சொன்ன எல்லாமே பொய் என்பார்கள்.

லீவு முடிந்து இரண்டு பேரும் சென்னைக்குப் போனார்கள். பையன் அங்கேயும் மீட்டர் விளக்கை எண்ணுகிறானாம். ஏ.சி. போட்டதும் அது அடிக்கிற வேகத்தை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். அண்ணன் என்னை ஃபோனில் திட்டினான்.

ஆடி பிறந்து நாலாம் நாள் பையனே கூப்பிட்டான். "அத்தை, இப்ப சுத்துதா?" மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தேன். கொடியில் கிளிப் போட்ட துணிகள் கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்தன, ஒரு துண்டு பக்கத்து வீட்டுத் தென்னையில். தூரத்தில் நெட்டை குட்டை எல்லாமே ஒன்றுபோலச் சுழன்றன. "எல்லாம் சுத்துதுடா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன அத்தை? ஒரே இரைச்சலா இருக்கு" என்றான். ஃபோனை அப்படியே காற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.